கிணத்தடியில கண்டது சலமாண்டரா?

புளியங்குளத்திலிருந்து:
மழை விட்ட பிறகு கிணத்துக் கட்டில பளபளவெண்டு ஒண்டு கிடந்தது. படம் எடுத்துப் போனில தேடினால் சலமாண்டர் எண்டு காட்டுது. மகன் போத்திலுக்க விட்டு வளர்க்கப் போறன் எண்டு நிக்கிறான். உங்கட வளவுகளில ஆராவது கண்டனீங்களோ?

மாங்குளத்திலிருந்து:
தம்பி, சலமாண்டர் எண்டது பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளை போல ஈரத் தோலுள்ள ஈரூடகவாழி. இலங்கைக் காடுகளில அது இல்லை. ஈரூடகவாழிகளில எங்களிட்ட இருக்கிறது தவளை, தேரைக் கூட்டமும், ஈரலிப்பான பக்கங்களில மண்ணுக்க மண்புழு மாதிரிக் கிடக்கிற காலில்லாத கூட்டமும்தான். சலமாண்டர் பார்க்க வேணுமெண்டால் டார்ஜிலிங், நேபாள மலைப்பக்கம் போக வேணும். நீங்கள் கண்டது அரணையாத்தான் இருக்கும். போன் உடம்பின்ர அமைப்பையும் மினுக்கத்தையும் வைச்சுச் சொல்லுது, அதை நம்பாதையுங்கோ.

போன கிழமை விறகு அடுக்கைப் பிரிக்கேக்க ஒண்டு வெளியில வந்து வெயிலில நிண்டது. குந்தியிருந்து வடிவாப் பார்த்தனான். முதுகு வெண்கல நிறம், விலாவோட ஒரு வெளிறின கோடு. செதில் ஒண்டுக்கு மேல ஒண்டாப் படிஞ்சு கிடந்ததாலதான் அந்த மினுக்கம், தோலில ஈரமே இல்லை. விரல் நுனியெல்லாம் நகம். கண்ணுக்குப் பின்னால சின்னக் குழி, அதுதான் காது. சலமாண்டருக்குச் செதிலும் இல்லை, நகமும் இல்லை, காதுக் குழியும் இல்லை. தோல் எப்பவும் ஈரமா இருக்க வேணும், முன்னங்காலில பெரும்பாலும் நாலு விரல்தான். அரணைக்கு அஞ்சு. படத்தைப் பெருப்பிச்சு நகத்தையும் காதையும் பாருங்கோ, போதும்.

மகனிட்டச் சொல்லுங்கோ, அது பூச்சி, கறையான் தின்னுற சீவன், போத்திலுக்க தவிச்சுப்போகும். வாலில பிடிச்சால் வால் கழண்டு துடிக்கும். பிறகு முளைக்கும்தான், ஆனால் அந்த வாலிலதான் அது கொழுப்புச் சேர்த்து வைக்கிறது.

முள்ளியவளையிலிருந்து:
எங்கட வாழையடியில வால் மட்டும் செக்கச்செவேலெண்டு ஒரு சின்னன் ஓடித் திரியுது, முதுகில வரிசையாப் புள்ளி. பக்கத்து வீட்டு அக்கா விளக்குமாத்தோட ஓடி வந்திட்டா, நஞ்சாம். அதுவும் அரணை இனம்தான். குட்டியிலதான் அந்தச் சிவப்பு, வளர மங்கிப்போகும். அடிக்க விடேல்லை.

நெடுங்கேணியிலிருந்து:
"அரணை கடிச்சால் மரணம்" எண்டு எங்கட அம்மம்மாவும் சொல்லுவா. அரணைக்கு நஞ்சே இல்லை. எனக்குப் பயம் வேற. இரவில பாயில படுத்த ஆளை ஏதோ கடிச்சிட்டுது, நோவும் இல்லை, பல்லுத் தடமும் வடிவாத் தெரியேல்லை, அரணையாக்கும் எண்டு திரும்பிப் படுக்கிற ஆக்கள் இருக்கினம். கட்டுவிரியன் கடி அப்பிடித்தான் இருக்கும். விடியிறதுக்குள்ள கண் இமை தூக்கேலாமல் போகும், மூச்சும் இழுக்கும். கடிச்சதைக் கண்ணால காணேல்லையெண்டால், கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அந்த இரவே ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ.