எத்னிக் ஸ்டடீஸ், டைவர்சிட்டி பாடம் கட்டாயமாக எடுத்தவர்கள்: மறக்க முடியாத ஒரு வகுப்பைச் சொல்லுங்கள்

ஃப்ரீமாண்ட் பொண்ணு

நான் கலிபோர்னியாவில் ஒரு சிஎஸ்யு (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகத்தில் படித்தேன். ஏரியா எஃப், அதாவது எத்னிக் ஸ்டடீஸ் (இனக்குழுக்களின் வரலாறு, பண்பாடு பற்றிய படிப்பு) கட்டாயம், இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 2021-22ல் சேர்ந்த எங்கள் செட்டிலிருந்துதான் அந்த 3 யூனிட் கட்டாயமானது. ஏசியன் அமெரிக்கன் ஸ்டடீஸ் எடுத்தேன், அந்த நேரம்தான் என் லேபோடு மோதவில்லை.

2022 ஜனவரியில் சிஎஸ்யு தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியையும் சேர்த்தது. அந்த செமஸ்டரில் ஒருநாள் பேராசிரியர் அந்தச் செய்தியை அச்செடுத்து வந்து எல்லாருக்கும் கொடுத்தார். யாரையும் கை காட்டவில்லை. "இதைப் பற்றிப் பேச விருப்பம் உள்ளவர்கள் பேசலாம்" என்று மட்டும் சொன்னார். வகுப்பில் இந்திய முகங்கள் ஆறேழு இருக்கும். எல்லாரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவன் பேச ஆரம்பித்தான். ஹைஸ்கூலில் இருந்து எனக்குத் தெரிந்த தமிழ்ப் பையன். தினமும் ஒரே காரில் வருவோம், அவன் அம்மா கொடுத்துவிடும் புளியோதரையில் பாதி எனக்குத்தான். அவன் தாத்தா ஊரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததாம். அதற்கும் முன்னால், தாத்தா சிறுவனாக இருந்தபோது, கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றுவார்களாம். சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் குவித்துக் காட்டினான், உயரத்திலிருந்து ஊற்றுவதை வாங்குகிற மாதிரி. கை மேலே டீ சிந்தினால் துடைத்துக்கொள்ளக்கூட அங்கே நிற்க முடியாதாம். பேராசிரியர் "இரட்டைக் குவளை" என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டு ஆங்கில எழுத்தில் போர்டில் எழுதினார்.

அன்று திரும்பி வரும்போது காரில் இருவரும் பரீட்சையைப் பற்றித்தான் பேசினோம். இத்தனை வருடப் பழக்கத்தில் எங்களுக்குள் வராத ஒரு பேச்சு, முப்பது பேர் முன்னால் ஒரு கட்டாயப் பாடத்தில் வந்தது. அந்தப் பாடம் இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்பது என்னை இன்னும் விடவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது?

டாம்பா அப்பா

உங்கள் அனுபவம் நல்லபடி அமைந்தது, சந்தோஷம் மா. என் மகளுக்கு நடந்தது வேறு.

2016. வேறொரு மாநிலம், பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். டைவர்சிட்டி பாடம் எடுத்தால்தான் பட்டம். இரண்டாவது வாரமே பிரிவிலேஜ் வாக். எல்லாரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடி முன்னே அல்லது பின்னே. "அப்பா அம்மா கல்லூரி போனவர்களா?" முன்னே. "வீட்டில் ஐம்பது புத்தகத்துக்கு மேல் இருந்ததா?" முன்னே. "ஃபீஸுக்குக் கடன் வாங்காமல் படிக்கிறாயா?" முன்னே. கடைசியில் அவள் கிட்டத்தட்ட முதல் ஆளாக நின்றிருக்கிறாள். பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்களாம். ராத்திரி போன் பண்ணி, "அப்பா, நாம பரம்பரைப் பணக்காரங்களா?" என்று கேட்டாள்.

என் அப்பா பஸ் கண்டக்டர். என் முதல் வருட ஃபீஸுக்கு அம்மா கையில் இருந்த வளையலை அடகு வைத்தார், அது மூழ்கியே போய்விட்டது. அப்பா எப்படிக் கல்லூரி போனார் என்று கேட்க அந்தக் கேள்வித்தாளில் இடம் இல்லை. போனார், ஒரு அடி முன்னே போ, அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பெண்ணை நிற்கவைத்துச் செய்கிற காரியமா இது?

இப்போது பையன் இங்கே ஃப்ளோரிடாவில் படிக்கிறான். 2023ல் வந்த எஸ்பி 266 சட்டம் இந்த மாதிரி விஷயங்களைப் பொதுப் பாடங்களிலிருந்து விலக்கியது. 2024 ஜனவரியில் சோஷியாலஜியையும் கோர் (பொதுப் பாட) பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்றைச் சேர்த்தார்கள். வேண்டியவன் சோஷியாலஜியை விருப்பப் பாடமாக எடுக்கலாம். எனக்கு அது சரி என்றே படுகிறது. கட்டாயம் என்று வந்தால் எதுவும் சடங்காகிவிடும்.

பழைய டிஏ

டாம்பா சார், அந்தக் கேள்வித்தாள் எனக்கும் பிடிக்காது. ஆனால் அது ஒரு விளையாட்டு, பாடம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெர்க்லியில் பிஎச்டி செய்துகொண்டு டிஏ (பேராசிரியருக்கு உதவியாக வகுப்பு எடுப்பவர்) வேலை பார்த்தேன். அமெரிக்கன் கல்ச்சர்ஸ் கட்டாயம் அப்போதுதான் வந்திருந்தது. 1989ல் பேராசிரியர்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள், 1991ல் சேர்ந்தவர்களிலிருந்து அமல். அதன் விதியைக் கவனியுங்கள்: கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசியர், லத்தீனோ, ஐரோப்பிய வழி வந்தவர் என்ற ஐந்தில் குறைந்தது மூன்று குழுக்களை ஒப்பிட்டுச் சொல்லித்தர வேண்டும். வெள்ளைக்காரர்களும் அந்த ஐந்தில் ஒன்று. எந்தத் துறையும் அப்படி ஒரு பாடம் வடிவமைக்கலாம்.

குடும்ப வரலாறு எழுதிவரச் சொல்லியிருந்தோம். பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்துப் பையன் ஒருவன் என் ஆபீஸ் நேரத்தில் வந்து, "எங்களுக்கு எழுத எதுவும் இல்லை, நாங்கள் சும்மா வெள்ளைக்காரர்கள்" என்றான். பாட்டியிடம் கேட்டுவிட்டு வா என்றேன். அடுத்த வாரம் ஒரு கேசட்டோடு வந்தான். ஒக்லஹோமாவில் நிலம் புழுதியாய்ப் போய், பழைய லாரியில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்த குடும்பம். 1936 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் மாநில எல்லை வரைக்கும் போய் நின்றுகொண்டு, கையில் காசில்லாமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது தெரியுமா? அதில் திரும்பியவர்கள் அவர்கள். பிறகு இரண்டாம் முறை வந்தபோது பாட்டி தன் தலையணை உறைக்குள் பத்து டாலரைத் தைத்து வைத்திருந்தாராம், கேட்டால் காட்ட.

கேசட்டில் பாட்டி அழுத இடத்தில் அவன் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வயது வரைக்கும் அவனிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. கட்டாயம் இல்லை என்றால் அந்த வகுப்புக்கு அவன் வந்திருக்கவே மாட்டான், அவனே சொன்னான். உங்கள் மகள் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்து உங்கள் அம்மாவிடம் அனுப்பியிருந்தால் அந்த வளையல் கதை வகுப்புக்கு வந்திருக்கும் சார். குறை கட்டாயத்தில் இல்லை, சொல்லித்தந்த விதத்தில்.

சாக்ரமெண்டோ கவுன்சலர்

நான் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) கவுன்சலர். என் கதை சின்னது. சிஎஸ்யு மாணவர் ஒருவர் மே மாதம் அழுதுகொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். கவுன் வாங்கியாச்சு, ஊரிலிருந்து தாத்தா பாட்டிக்கு டிக்கெட் போட்டாச்சு, ஏரியா எஃப் மட்டும் பாக்கி. தெரிந்தவர் யாரோ "அது வேண்டாம், விலக்கு வாங்கிடலாம்" என்றாராம். எங்கள் கோடை வகுப்பில் முடித்தார், பட்டம் ஆகஸ்டில்தான் வந்தது. கையில் கவுனோடு நின்ற அந்த முகம் போகவில்லை.

அதனால் இதைப் படிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் தயவுசெய்து கவனியுங்கள். சிஎஸ்யுவில் அது மாநிலச் சட்டம், ஏபி 1460. தெரிந்தவர் சொன்னார் என்று விலக்கு கிடைக்கும் என நம்பி உட்காராதீர்கள். 2025 ஃபாலில் இருந்து ஏரியா எஃப் என்ற பெயர் போய் ஏரியா 6 ஆகிவிட்டது, பழைய கேட்டலாக்கின் விதிப்படி படிப்பவர்கள் குழம்ப வேண்டாம். கம்யூனிட்டி காலேஜில் எடுத்தால் செலவு குறைவு, ஆனால் பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "பல்பண்பாடு" என்று தலைப்பில் இருப்பதெல்லாம் இதில் சேராது. பூர்வகுடி, ஆப்பிரிக்க அமெரிக்க, ஆசிய அமெரிக்க, லத்தீனோ என்ற நான்கு துறைகளில் ஒன்றாக, இந்த ஏரியாவுக்கு ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். எந்தக் காலேஜ் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜ் பெயர் போட்டு, நீங்கள் எடுக்கும் வருடத்தையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். போன வருடம் இருந்தது இந்த வருடம் இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

பெர்க்லி போக நினைப்பவர்கள் அமெரிக்கன் கல்ச்சர்ஸையும் கம்யூனிட்டி காலேஜிலேயே முடிக்கலாம், அதற்கும் தனிப் பட்டியல் உண்டு. இரண்டுக்கும் ஒரே பாடம் செல்லும் என்று தானாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேளுங்கள். மேஜர் பாடத்தோடு இரட்டைக் கணக்கு போடலாமா என்பது வளாகத்துக்கு வளாகம் மாறும்.

அப்புறம், பதிவு செய்வதற்கு முன் சிலபஸ் வாங்கிப் படியுங்கள். வாரத்துக்கு எவ்வளவு வாசிப்பு, எத்தனை கட்டுரை என்று பாருங்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கும் செமஸ்டரில் இதைப் போட்டு, "சும்மா ஜிஇ (பொதுக் கல்விப் பாடம்) தானே" என்று விட்டு, மார்க் குறைந்தவர்கள் நிறைய. முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள். கடைசி வருட ஸ்பிரிங் செமஸ்டருக்குத் தள்ளாதீர்கள்.

ஃப்ரீமாண்ட் பொண்ணு

நன்றி அக்கா. ஆனால் நான் விலக்கு பற்றிக் கேட்கவில்லை, என் பட்டம் வந்துவிட்டது.

டாம்பா அங்கிள், மகளுக்கு நடந்தது தப்புதான். ஆனால் "கட்டாயம் என்றாலே சடங்கு" என்பதை ஏற்க முடியவில்லை. உங்கள் ஃப்ளோரிடாவிலேயே அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் சிவிக் லிட்டரசி (குடிமையியல் அறிவு) பாடமும் எடுக்க வேண்டும், தனியாகத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். உங்கள் பையனும் எழுதியிருப்பார். அதை யாரும் சடங்கு என்று சொல்லி நீக்கச் சொல்லவில்லையே. 2025 மார்ச்சில் ஒஹையோவில் கையெழுத்தான எஸ்பி 1 சட்டமும் அப்படித்தான்: ஒரு பக்கம் டிஇஐக்கு (பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம் சார்ந்த திட்டங்கள்) தடை, இன்னொரு பக்கம் 3 கிரெடிட் குடிமையியல் கட்டாயம். அங்கே சண்டை கட்டாயத்தைப் பற்றியே இல்லை. எந்த வரலாறு எல்லாருக்கும் பொது, எது சிலருக்கு மட்டும் என்பதைப் பற்றித்தான்.

வட கரோலினா மாணவன்

எனக்கு நடந்தது 2025 பிப்ரவரியில். எங்கள் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு, மத்திய அரசின் உத்தரவைக் காரணம் காட்டி, டிஇஐ தொடர்பான கட்டாயப் பாடங்களை நிறுத்திவைத்தது. செமஸ்டர் பாதியில். நான் அப்போது அந்தக் கட்டாயத்துக்காகத்தான் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், அமெரிக்கத் தெற்கில் நில உடைமையின் வரலாறு.

பேராசிரியை அந்தக் கடிதத்தை ஸ்கிரீனில் போட்டார். விமர்சனம் எதுவும் சொல்லவில்லை. "இந்த வகுப்பு தொடரும். பட்டத்துக்காக மட்டும் வந்தவர்கள் விலகலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் நாற்காலிச் சத்தம். நான்கைந்து பேர் எழுந்தார்கள். அதில் ஒருவன், கறுப்பினப் பையன், அந்தப் பாடத்தில் எங்கள் எல்லாரையும் விட நன்றாகப் பேசுகிறவன். கதவருகே அவனிடம் ஏன் என்று கேட்டேன். "எனக்கு இரண்டு வேலை. இதை என் பாட்டியிடம் ஏற்கனவே கேட்டுட்டேன். நீ உட்கார், உனக்குத்தான் வேணும்" என்றான்.

நான் உட்கார்ந்தேன். முழு செமஸ்டரும் முடித்தேன். டாம்பா அங்கிளோடும் ஃப்ரீமாண்ட் அக்காவோடும் எனக்கு முழுசாக ஒத்துப்போக முடியாததற்குக் காரணம் அவன்தான். ஒரே பாடத்தை எல்லாருக்கும் ஒரே அளவில் வைக்கும்போது யாருக்காக வைக்கிறோம் என்பதை எந்தப் பக்கமும் கேட்பதில்லை.

சன்செட் தாத்தா

சான் பிரான்சிஸ்கோவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆபீஸில் ஃபிலிப்பினோ நண்பர் ஒருவர் இருந்தார், 1968ல் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் வேலைநிறுத்தம் செய்த மாணவர்களில் ஒருவர். நவம்பர் 6ல் தொடங்கி அடுத்த மார்ச் வரைக்கும் நடந்தது. கல்லூரியின் தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா, டிசம்பர் 2 அன்று மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறி ஒயரைப் பிடுங்கினார் அல்லவா, அப்போது நண்பர் கூட்டத்தில் நின்றிருக்கிறார். "முதலில் ஒயர் அறுந்தது தெரியலை. பேசுகிறவன் வாய் அசையுது, சத்தம் வரலை. எனக்குக் காது போச்சுன்னு நினைச்சேன்" என்பார். ஒவ்வொரு டிசம்பரிலும் மதியச் சாப்பாட்டில் இதைச் சொல்வார், காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டே.

வேலைநிறுத்தம் முடிந்து 1969ல் எத்னிக் ஸ்டடீஸுக்கென்று தனிக் கல்லூரியே அமைந்தது. அவர்கள் கேட்டது பதினைந்து கோரிக்கை: துறை, ஆசிரியர், சேர்க்கையில் இடம். எல்லா மாணவரும் கட்டாயமாக எடுக்க வேண்டும் என்பது அன்றைய சண்டை இல்லை. அது அரை நூற்றாண்டு கழித்து வந்தது.

டாம்பா அப்பா

ஐயா, நீங்கள் சொன்னதுதான் என் வாதமும். போராடியவர்களே கட்டாயம் கேட்கவில்லை. அப்புறம் ஏன் 2020ல் அந்த ஏபி 1460 சட்டம்?

ஃப்ரீமாண்ட் மா, சிவிக்ஸ் தேர்வு பையன் எழுதினான், உண்மை. அரசமைப்பைப் படிப்பதும், உன் அப்பா பணக்காரரா என்று வரிசையில் நிறுத்துவதும் ஒன்றல்ல. டிஏ சார் சொன்ன கேசட் பாடம் என்றால் நானே மகளை அனுப்புவேன்.

சன்செட் தாத்தா

ஏன் சட்டம் என்றால், தம்பி, அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஷர்லி வெபர் சான் டியேகோ ஸ்டேட்டில் பல பத்தாண்டுகள் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் துறையில் சொல்லித்தந்தவர். 2020 ஜூலையில் சிஎஸ்யு நிர்வாகக் குழு தானாக ஒரு கட்டாயம் கொண்டுவந்தது, ஆனால் அதில் சமூக நீதி என்ற தலைப்பில் வரும் வேறு பாடங்களும் செல்லும் என்று வைத்தது. அப்படி விட்டால் இந்த நான்கு துறைகளைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடலாம். அடுத்த மாதமே கையெழுத்தான சட்டம் அந்த வழியை அடைத்தது. துறைகள் இருந்தும் வெளியிலிருந்து மாணவர் வராமல் போனால் அந்தப் பதினைந்து கோரிக்கையில் என்ன மிஞ்சும் என்று எங்கள் நண்பர் கேட்பார். நான் அவர் பக்கம்.

டிஏ, அந்த ஒக்லஹோமா பாட்டியின் கேசட்டை யாராவது காப்பகத்தில் சேர்த்தார்களா? பேக்கர்ஸ்ஃபீல்டில் அப்படிப்பட்ட குரல்களைச் சேகரிக்கும் நூலகத்துக்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருக்கும்.