மறு: டிஜிட்டல் ரிபேட்ரியேஷன் – தமிழில் என்ன?

> எண்ணிமத் தாயகமீட்பு எனலாமா? ரிபேட்ரியேஷனுக்குத் 'தாயகம் திரும்புதல்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே.

வணக்கம் ஐயா. அருங்காட்சியகங்களிலும் காப்பகங்களிலும் உள்ள படங்கள், பதிவுகளின் டிஜிட்டல் படிகளை (நகல்களை) அவற்றுக்குரிய ஊராருக்குத் தருவதைத்தானே டிஜிட்டல் ரிபேட்ரியேஷன் என்கிறோம்.

டிஜிட்டலுக்கு 'எண்ணிம' இருக்கட்டும். 'மீட்பு'தான் மனம் ஒப்பவில்லை. மீட்டால் பொருள் கைக்கு வரவேண்டும். அடகு நகையின் படத்தை வாங்கிவந்து, நகையை மீட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. 1891 முதல் 1939இல் இறக்கும்வரை பசிபிக் தீவுநாடான சமோவாவில் வாழ்ந்த ஒளிப்படக்காரர் தாமஸ் ஆண்ட்ரூ எடுத்த படங்கள் நியூசிலாந்தின் வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் இருப்பவர் அவற்றைத் திரையில் பார்க்கலாம்; மூலம் வெலிங்டனை விட்டு நகரவில்லை.

'தாயகம் திரும்புதல்' இன்னும் வலிக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் மக்களுக்கு விழுந்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அந்தச் சொல்லை ஒரு படக்கோப்புக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் 1968இல் தொடங்கிய பசிபிக் கையெழுத்துச்சுவடிப் பணியகம் தீவுகளுக்கே போய் ஆவணங்களைப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே விட்டுவரும். அங்கே படி வெளியூர் போகிறது, இங்கே படி ஊர் வருகிறது. எது நகர்ந்தது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும்.

ஏட்டுப்படி என்கிறோமே, அந்தப் 'படி' போதும். முதலில் 'படியளிப்பு' என்று எழுதினேன். படியளக்கிற தொனி வந்து, கொடுப்பவர் மேலே ஏறிவிட்டார், அழித்துவிட்டேன். 'படிசேர்ப்பு' என்பது என் முன்மொழிவு. கடிதத்தைச் சேர்ப்பித்தார் என்னும்போதே அது பெறுபவருடையது என்று விளங்கிவிடுகிறது.

> சேர்ப்பு என்றால் தொகுப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஊராருக்குத் தருவதும் உலகத்துக்கே திறந்துவிடுவதும் ஒன்றா?

முதல் ஐயம் நியாயமானது அம்மா. 'படிசேர்ப்பிப்பு' என்று மாற்றிப் பார்த்தேன், நாவில் புரளவில்லை.

இரண்டாவது கேள்விதான் என்னை நிறுத்தியது. பசிபிக் தீவுநாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில் உள்ள வனுவாட்டு பண்பாட்டு மையத்தில் 'தாபு அறை' (விலக்கப்பட்டவற்றின் அறை) என்றே ஒன்று இருக்கிறது. பதிவு உள்ளே பத்திரமாக இருக்கும். யார் கேட்கலாம், யார் பார்க்கலாம் என்பது பதிவுக்குரிய ஊராரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அதை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டால் அது சேர்ப்பித்தல் ஆகாது.

ஆகவே 'உரியோர்' வெளிப்படையாகவே வரட்டும். 'உரியோர் படிசேர்ப்பு' என்றால் தொகுப்பு என்ற மயக்கமும் தீரும். கலைச்சொல் பட்டியலில் இப்படியே ஏற்றலாமா?