மறு: லிவிங் வில் – 'முன்விருப்பம்' என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். நம் படிவத்தில் 'லிவிங் வில்' என்பதற்கு என்ன தமிழ்ச் சொல் போடலாம் என்று இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> "உயிர் உயில்" சுருக்கமாக, ஓசையோடு இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, ஓசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயில் என்றதும் நம் ஊரில் சொத்துதான் நினைவுக்கு வரும். அதுவும் எழுதியவர் கண்மூடிய பிறகு பேசுகிற தாள். நாம் பெயர் தேடுகிற தாளோ, எழுதியவர் உயிரோடு இருந்தும் வாய்திறக்க முடியாமல் கிடக்கும் நாட்களுக்கானது. வென்டிலேட்டர் வைக்கலாமா, டயாலிசிஸ் தொடரலாமா, எங்கே நிறுத்தலாம் என்று அவருக்காகச் சொல்வது. நம் படிவ வரைவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'உயில்' வந்ததுமே கை காட்டி நிறுத்தினார். "நிலத்தைத்தான் போன வருஷமே பிரிச்சாச்சே, இன்னும் என்ன உயில்?" என்றார். அதற்குமேல் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.

> "முன்கூட்டிய மருத்துவ உத்தரவு" – சட்டத்துக்கு நெருக்கமான சொல் இதுதான்.

உத்தரவு என்பது கலெக்டரிடமிருந்தும் கோர்ட்டிலிருந்தும் வருவது. அதோடு, எழுதி வைத்ததாலேயே மறுநிமிடம் குழாயைக் கழற்றிவிடுவதும் இல்லை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதற்கு இடம் கொடுத்தபோதே, இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்ப வேண்டும் என்று வைத்தது. அந்த இரட்டைச் சோதனை இன்றும் உண்டு.

என் பரிந்துரை 'மருத்துவ முன்விருப்பம்'. பேச்சில் முன்விருப்பம் போதும். முன்பணம், முன்பதிவு, முன்ஜாமீன் எல்லாம் ஏற்கெனவே நாக்கில் பழகியவை; காரியம் வரும் முன்பே செய்துவைப்பது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். மறுநாள் இந்தச் சொல்லை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு என்ன வேணும்னு முன்னாடியே சொல்லி வைக்கறது, அதானே?" என்றார். அப்புறம் அவராகவே, "அப்பாகிட்ட இதைக் கேக்காம விட்டுட்டோமே" என்றார்.

அப்பாவுக்கு நினைவு தப்பிய இரவில் ஐசியூ வாசலில் நானும் தங்கையும் நின்றோம். டியூட்டி டாக்டர் படிவத்தை நீட்டி, "டியூப் போடலாமா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். அவர் அவசரத்தில் தப்பில்லை. அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. தங்கை பேனாவை என் கையில் வைத்தாள். போட்டேன். பதினொரு நாள். நான் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் அந்தப் பதினொரு நாள்தான்.

நோயாளிக்காகப் பேச அவரே பெயர் குறித்து வைக்கும் ஆளைச் 'சார்பாளர்' என்போம். 'காப்பாளர்' வேண்டாம், அவர் வேலை காப்பது இல்லை, நோயாளி சொன்னதைச் சொல்வது.

இப்படி நோயாளி விருப்பப்படி சிகிச்சையை நிறுத்துவதையும் செய்திகளில் 'கருணைக்கொலை' என்றே போட்டுவிடுகிறார்கள். 'கொலை' என்று இருக்கும் தாளில் எந்த மகன் கையெழுத்துப் போடுவான்? 'சிகிச்சை விலக்கல்' என்று தனியாக ஒரு சொல் வைத்தே ஆகவேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம்.

கடைசியாக வினை. 'பதிவு செய்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் பத்திரப்பதிவு ஆபீஸ் வரிசைதான் கண்முன் வரும். 2018 தீர்ப்பின்படி மாஜிஸ்திரேட் மேலொப்பம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றாகிவிட்டது. ஆகவே 'முன்விருப்பம் எழுதிவைத்தல்' என்றே போடலாம். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், திங்களன்று படிவத்தை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.