சர்க்கரை எஸ்டர் எமல்சிஃபையர்: நீரை எப்படி அகற்றுவது?

நண்பர்களே, வணக்கம். தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைக்கும் லாரிக் அமிலத்தையும் குளுக்கோஸையும் லிப்பேஸ் நொதி கொண்டு இணைத்து, முகக்கிரீமில் எண்ணெயும் நீரும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையர் தயாரிக்கும் முதுகலை ஆய்வில் இருக்கிறேன்.

இவை இரண்டும் இணைந்து எஸ்டர் என்ற சேர்மம் உருவாகும்போது நீரும் உருவாகிறது. அதை அகற்றாவிட்டால் வினை பின்னோக்கித் திரும்பிவிடும். அதற்காக, நீரை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் நுண்துளை கொண்ட மூலக்கூறு சல்லடை மணிகளைப் போடுகிறேன். ஆனால் காந்தக் கலக்கியில் அவை பொடிந்து நொதி பதித்த மணிகளோடு கலந்துவிடுகின்றன. அப்புறம் நொதியைப் பிரித்து மறுபடி பயன்படுத்த முடிவதில்லை. அதன் விலையோ உங்களுக்கே தெரியும்!

கரைப்பான் அசிட்டோன், 50 டிகிரி செல்சியஸ். பிரிடின் என்ற நச்சுக் கரைப்பானில் குளுக்கோஸ் நன்றாகக் கரையும், சரி. ஆனால் முகத்தில் பூசும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். பசுமை முறை என்ற பேச்சுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

சல்லடையைத் தனிக் குழாயில் அடைத்துக் கரைப்பானை அதன் வழியே சுழலவிட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மணிகள் உடையாமல் இருக்க, குடுவையையே ஆட்டும் ஷேக்கர் போதுமா? வினைபுரியாத லாரிக் அமிலத்தை ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் இல்லாமல் பிரிக்க வழி தெரிந்தாலும் சொல்லுங்கள். செய்து பார்த்தவர்களின் அனுபவம் பெரிய உதவியாக இருக்கும்.