மறுமொழி: ‘லேக் ஃபேஸ்’ தமிழில் – ‘தாமதக் கட்டம்’ வேண்டாம், ‘ஆயத்தக் கட்டம்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் லாகர் (குளிர்ச்சியில் நொதிக்கவைக்கும் பீர்) காய்ச்சுவது பற்றிய கட்டுரைக்கு, ஈஸ்ட் இட்டபின் நொதித்தல் கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் பொழுதை, அதாவது ஆங்கிலத்தில் ‘லேக் ஃபேஸ்’ (lag phase) எனப்படுவதை, தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இதுவரை ‘தாமதக் கட்டம்’, ‘மந்தக் கட்டம்’, ‘உறங்குநிலை’, ‘அணியக் கட்டம்’ ஆகியவை வந்துள்ளன. உறங்குநிலையை உடனே விட்டுவிடலாம். அது உலர்ந்த ஈஸ்ட் பொட்டலத்துக்குள் இருக்கும் நிலைக்குப் பொருந்தும், வோர்ட்டில் (பீராக நொதிக்கப்போகும் இனிப்பான மால்ட் கரைசலில்) விழுந்த ஈஸ்ட்டுக்குப் பொருந்தாது.

> ‘தாமதக் கட்டம்’ படித்ததும் புரிகிறது. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது என்பதுதான் என் கவலை. அந்த நேரத்தில் ஈஸ்ட் சும்மா இருப்பதில்லை. வோர்ட்டில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் உருவாக்குகிறது. இவை இல்லாமல் புதிய செல்களுக்குச் சரியான செல் சவ்வு அமையாது. மால்டோஸ் சர்க்கரையை உள்ளே இழுக்கவும் உடைக்கவும் வேண்டிய புரதங்களையும் நொதிகளையும் அப்போதுதான் தயாரிக்கிறது. செல்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சு உயிரியலாளர் ழாக் மோனோ 1949இல் பாக்டீரியா வளர்ச்சியை ஆறு கட்டங்களாகப் பிரித்தபோது, வளர்ச்சி வீதம் சுழியாக இருக்கும் முதல் கட்டத்துக்கு ‘லேக் ஃபேஸ்’ என்ற பெயரைச் சொன்னார். அது எண்ணிக்கையின் வளைவை வெளியே நின்று பார்க்கும் பெயர். நாம் எழுதுவது செல்லுக்குள் நடப்பதை அறிந்து செயல்பட வேண்டியவருக்கு.

‘தாமதம்’ என்று படிப்பவர் என்ன செய்வார்? தாமதத்தைப் போக்கப் பார்ப்பார். கலனைச் சூடான இடத்துக்கு மாற்றுவார். லாகர் ஈஸ்ட்டை 8 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டியதன் காரணமே அங்கே அடிபட்டுப்போகும். சூட்டில் ஈஸ்ட் வேகமாகப் பெருகும். பழ மணம் தரும் எஸ்டர்களும், வெண்ணெய் மணம் தரும் டையசிட்டைலுக்கான மூலப்பொருளும் கூடும். லாகருக்குரிய தெளிந்த சுவை போய்விடும். ஒரு சொல் இப்படித் தவறான செயலுக்குக் கொண்டுபோகும் என்றால் அதை எளிமைக்காக ஏற்க எனக்கு மனமில்லை. விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கச் சொல்வது போன்றது அது.

‘மந்தக் கட்டம்’ மீதும் எனக்கு இதே ஆட்சேபம்தான். ‘அணியம்’ நல்ல தமிழ், செறிவான சொல். ஆனால் இந்தக் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் அதை ‘அணி’யோடு குழப்பிக்கொள்வார். ‘ஆயத்தம்’ எல்லாருக்கும் தெரியும். ‘ஆயத்தக் கட்டம் நீள்கிறது’, ‘ஆயத்தம் போதவில்லை’ என்று வினையோடும் இயல்பாகச் சேர்கிறது. வடசொல் என்ற மறுப்பு வரும், அதை மதிக்கிறேன். ஆனாலும் புழக்கம் இங்கே பெரிது என்று நினைக்கிறேன்.

அப்புறம், இந்த இழையில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று, செல்லுக்குள் நடக்கும் ஆயத்தம். மற்றொன்று, ஈஸ்ட் இட்டதிலிருந்து நுரை தெரியும்வரை காய்ச்சுபவர் கடிகாரத்தைப் பார்க்கும் நேரம். இரண்டும் சமமல்ல. குளிர்ந்த திரவத்தில் கரியமில வாயு அதிகம் கரையும். 10 டிகிரியில் வோர்ட் ஏறத்தாழத் தன் கொள்ளளவுக்கு நிகரான வாயுவை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நொதித்தல் தொடங்கிய பிறகும் காற்றுப்பூட்டில் (வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் அமைப்பில்) குமிழி வராமல் இருப்பது அதனால்தான். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கடைசிவரை வராமலும் போகலாம். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அது ஒன்றிரண்டு புள்ளி (ஒரு புள்ளி 0.001) இறங்கியிருந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆகவே இந்த இரண்டாவதற்கு ‘நுரைமுன் நேரம்’ என்று தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

> அப்படியானால் உண்மையிலேயே தாமதமானால் என்ன சொல்வது?

அங்கே ‘தாமதம்’ பொருந்தும்: ‘தாமதத் தொடக்கம்’. லாகரில் 12 முதல் 24 மணி நேரம் அமைதியாக இருப்பது வழக்கம்தான், 48 மணி வரைகூடப் பதற வேண்டியதில்லை. மூன்று நாளாகியும் அடர்த்தி அசையவில்லை என்றால் அது தாமதத் தொடக்கம். புதிய, வீரியமுள்ள ஈஸ்ட் இடுவதே அப்போது வழி. இனிப்பும் சத்தும் நிறைந்த வோர்ட்டில் அமிலமும் ஆல்கஹாலும் உருவாகாத நேரம் நீள நீள, பாக்டீரியாவுக்கு இடம் கிடைக்கிறது. அந்த அபாயத்தைக் கட்டுரை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் இதன் வேர் ‘இடுவீதம்’. இந்தச் சொல்லையும் முன்வைக்கிறேன்: வோர்ட்டின் அளவுக்கும் அடர்த்திக்கும் ஏற்ப இடவேண்டிய ஈஸ்ட் செல்களின் எண்ணிக்கை. லாகருக்கு வழக்கமான கணக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு டிகிரி பிளாட்டோவுக்கு (வோர்ட்டின் சர்க்கரைச் செறிவைக் காட்டும் அலகு) 15 லட்சம் செல்கள். லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் ஏல் வகை பீருக்கு அதில் பாதி. 12 டிகிரி பிளாட்டோ வோர்ட் 20 லிட்டர் என்றால் 36,000 கோடி செல்கள். ஏலுக்கான அளவையே குளிர்ந்த வோர்ட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவும், ஈஸ்ட்டுக்கும் வோர்ட்டுக்கும் இடையே பெரிய வெப்ப வேறுபாடும் அடுத்த காரணங்கள். உலர் ஈஸ்ட்டுக்கு ஸ்டெரால் இருப்பு தயாரிப்பின்போதே சேர்க்கப்பட்டுவிடுவதால், முதல்முறை இடும்போது ஆக்சிஜன் அவ்வளவு கட்டாயமில்லை.

பாதியில் நின்றுபோகும் நொதித்தலை இதோடு சேர்க்க வேண்டாம். அதற்கு ‘இடைநிற்றல்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் பள்ளிப் படிப்பு நினைவுக்கு வருகிறது. ‘நொதித் தேக்கம்’ சரிவருமா? அதில் ‘நொதி’ என்சைமைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்று தயங்குகிறேன். வேதியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.