குக்கீ விற்பது மகளின் வேலையா, அப்பாவின் வேலையா?

செந்தாமரை:
அமெரிக்காவில் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு ஜனவரி பிறந்தால் கேர்ள் ஸ்கவுட்ஸ் குக்கீ நினைவுக்கு வந்துவிடும்; சாரணியர் சிறுமிகள் தங்கள் குழுவுக்குப் பணம் சேர்க்கப் பெட்டி பெட்டியாகப் பிஸ்கட் விற்கும் காலம் அது. எங்கள் ட்ரூப்பில், அதாவது எங்கள் ஊர்ச் சாரணியர் குழுவில், தமிழ்க் குடும்பங்கள் அதிகம். பல பெற்றோர் மகளிடம் குக்கீ வாங்குவதற்கான இணையப் பக்கத்தின் இணைப்பை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகளே முன்னின்று விளம்பரம் செய்ய நல்ல யோசனைகள் இருந்தால் சொல்லுங்கள்.

குமரன், டாலஸ்:
அலுவலகத்தில் விற்பதில் என்ன தவறு? கோடை முகாமுக்குப் பணம் சேர வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு மதிய உணவு இடைவேளையில் விற்பதை, என் மகள் கடை வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு நாள் முழுக்க நின்றாலும் விற்க முடியாது.

மங்கை:
குமரன் அவர்களே, இந்த விற்பனை எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1917இல் ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊரில் சாரணியர் பெண்கள் குக்கீயைத் தாங்களே சுட்டுப் பள்ளி உணவகத்தில் விற்றார்கள். 1930களில்தான் பேக்கரிகள் சுடத் தொடங்கின. சுடும் வேலை கையை விட்டுப் போனபின் பிள்ளைகளுக்கு மிஞ்சியது விற்கும் வேலை மட்டுமே. அதையும் நாமே எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

செந்தாமரை, நான் பார்த்த ஒரு நல்ல யோசனையைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒரு சிறுமி கையெழுத்தில் சிறு அட்டைகள் எழுதி, அம்மாவுடன் போய் வீட்டுக் கதவுகளில் மாட்டினாள். ‘நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் குழு குதிரையேற்ற முகாமுக்குப் போக ஆசைப்படுகிறது’ என்று இரண்டே வரிகள். கீழே கியூஆர் குறியீடு. அச்சடித்த துண்டறிக்கையைக் குப்பையில் போடுகிறவர்கள், எழுத்துக் கோணலாக இருந்த அந்த அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

கதிரவன், நியூஜெர்சி:
அடிப்படையிலேயே எனக்கு உடன்பாடில்லை. பெட்டியின் விலையில் பேக்கரிக்கு ஒரு பங்கு, வட்டாரத்து ட்ரூப்புகளை நடத்தும் கவுன்சிலுக்குப் பெரும்பங்கு. ட்ரூப்புக்கு வந்து சேர்வது சிறு தொகை. அந்தத் தொகையைப் பெற்றோரே நேரடியாகக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்த வேண்டியதில்லை. நன்கொடை என்றால் நன்கொடையாகவே இருக்கட்டும்.

செந்தாமரை:
கதிரவன், கவுன்சிலின் பங்கும் நம் பகுதிப் பிள்ளைகளின் முகாம் இடங்களுக்கும் பயிற்சிகளுக்கும்தான் போகிறது. இன்னொன்று: எல்லாப் பெற்றோராலும் பணம் கொடுக்க முடியாது. விற்பனையில் சேரும் பணம் ட்ரூப்பின் பொதுப்பணம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் அதில்தான் முகாமுக்கு வருகிறாள், யாரிடமும் கைநீட்டாமல்.

குமரன், டாலஸ்:
அப்படியென்றால் பணம் அதிகம் சேருவதுதானே முக்கியம்? 2014இல் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவக் கஞ்சாக் கடை வாசலில் மேசை போட்ட 13 வயதுப் பெண் இரண்டு மணி நேரத்தில் 117 பெட்டிகள் விற்றாள். இடம் பார்த்து விற்பதும் திறமைதான்.

மங்கை:
அதே ஆண்டில் கொலராடோ கவுன்சில், அப்படிப்பட்ட கடை வாசலில் விற்க அனுமதி இல்லை என்று அறிவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டம் இருக்கிற இடமெல்லாம் பிள்ளைகளை நிறுத்தக்கூடிய இடம் ஆகாது.

கூட்டம்தான் வேண்டுமென்றால், நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கோயில் மண்டபத்தில் மேசை போடுங்கள். அங்கே வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘முட்டை இருக்கிறதா?’ தின் மின்ட்ஸ் என்ற புதினாச் சுவை சாக்லேட் குக்கீயில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. மற்ற வகைகளுக்குப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் பிள்ளையே படித்துக் காட்ட வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லி விற்கக் கூடாது. ஒரு ஏழு வயதுப் பெண் பெட்டியைத் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துவிட்டு, ‘பாட்டி, இதில் பால் இருக்கிறது, முட்டை இல்லை’ என்றாள். அந்தப் பாட்டி மூன்று பெட்டி வாங்கினார். எந்தப் பதாகையும் இதைச் செய்யாது.

கதிரவன், நியூஜெர்சி:
அந்தப் பாட்டி வாங்கியது பாசத்தில். இனிப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்தவர்களிடம் நம் பிள்ளைகள் சர்க்கரையை விற்கிறார்கள் என்பது எனக்கு உறுத்துகிறது.

செந்தாமரை:
நியாயமான உறுத்தல். அதற்கும் வழி இருக்கிறது. பல கவுன்சில்களில், வாங்குகிறவர் பணம் மட்டும் கொடுத்து, பெட்டியைப் படைவீரர்களுக்கோ உணவு வங்கிக்கோ அனுப்பச் சொல்லலாம். ‘எங்களுக்கு வேண்டாம்’ என்பவரிடம் பிள்ளை சொல்ல வேண்டிய அடுத்த வரி அதுதான்.

குமரன் அவர்களே, உங்கள் அலுவலக விற்பனையை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு இணைப்போடு மகள் பேசும் அரை நிமிடக் காணொளியும் போக வேண்டும் என்று ட்ரூப்பில் சொல்லப் போகிறேன். எதற்காக விற்கிறாள், எத்தனை பெட்டி இலக்கு என்று அவளே சொல்லட்டும். வாங்கியவர்களுக்கு நன்றிக் குறிப்பும் அவளே எழுதட்டும்.

குமரன், டாலஸ்:
காணொளி சரி. நன்றிக் குறிப்பு என் அலுவலகத்தில் வாங்குகிற எல்லோருக்கும் என்றால் அவள் கை வலிக்கும். ஒரு துறைக்கு ஓர் அட்டை போதுமா?

மங்கை:
போதாது. பெட்டி வாங்கியவர் ஒவ்வொருவரின் பெயரும் அவள் கையால் எழுதப்பட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாக எழுதட்டும், மார்ச் வரை நேரம் இருக்கிறது.