பாட்டில் பாசி, கென்டே, வெட்டுத் துணி: ஆப்பிரிக்காவில் வாங்கியதும் ஏமாந்ததும்

அக்ராவில் இருந்து:

கானாவுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், லீவில் ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெண்களுக்கு ஆளுக்கொரு பாசிமாலை வாங்கிப் போனேன். சித்தி ஒரு மணியைப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, "பிளாஸ்டிக்டா இது" என்றார். அந்த ரோஷத்தில்தான் அடுத்த முறை செய்கிற இடத்துக்கே போனேன்.

ஒடுமாசே க்ரோபோ. அகோசோம்போ அணைக்குப் போகிற வழியில் இருக்கிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் பீர் பாட்டிலும் சோடா பாட்டிலும் நிறம் பிரித்துக் குவித்திருந்தார்கள். அதை இரும்பு உலக்கையால் குத்தி மாவு போலச் சலிக்கிறார்கள். களிமண் அச்சில் சின்னச் சின்னக் குழிகள், நம் பணியாரச் சட்டி மாதிரி. குழிக்குள் வெள்ளைக் களிமண்ணைக் கரைத்துப் பூசாவிட்டால் கண்ணாடி அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும், வெளியே வராது. பொடியை நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக் காம்பில் ஒரு துண்டைச் செருகுகிறார்கள். சூளையில் காம்பு எரிந்துவிடும், அது இருந்த இடம் கோக்கிற துளையாகிவிடும். ஊசியும் இல்லை, துளைக்கும் கருவியும் இல்லை! நான் அந்தக் காம்பைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டதில் செய்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெந்த மணியைக் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்த பிறகுதான் மெருகு வருகிறது.

இப்போது கடையில் கையில் எடுத்தாலே தெரிகிறது. கண்ணாடி மணி சில்லென்று கனமாக இருக்கும், துளை கொஞ்சம் கோணலாக இருக்கும், ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. எல்லாம் துளிகூட வித்தியாசம் இல்லாமல் ஒரே மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடுவேன்.

அந்தப் பக்கத்து க்ரோபோ இனப் பெண்பிள்ளைகளுக்கு டிப்போ என்று ஒரு சடங்கு, பெரியவளானதை ஊரறியச் செய்வது. அன்றைக்குக் கழுத்திலும் இடுப்பிலும் கொத்துக் கொத்தாகப் பாசிதான். கைக்குழந்தைக்கும் இடுப்பில் ஒரு சரம் உண்டு. சரம் இறுகினால் பிள்ளை தேறுகிறது என்று கணக்கு. நம் அரைஞாண் கயிறு ஞாபகம் வந்தது. பழைய மணிகள் வேண்டும் என்றால் வியாழக்கிழமை கோஃபோரிடுவா பாசிச் சந்தைக்குப் போங்கள். ஒரு காலத்தில் வெனிஸில் இருந்து வியாபாரத்துக்கு வந்த மணிகள்கூட அங்கே கிடக்கும்.

குமாசியில் இருந்து:

உங்களுக்குப் பிளாஸ்டிக் என்றால் எனக்குப் பிரிண்ட். நானும் கானாவில்தான். சோபாவுக்குப் பின்னால் மாட்ட ஒரு பெரிய கென்டே, அதாவது இங்கே கையால் நெய்கிற பல நிறத் துணி, வாங்கி, பெருமையாக மாட்டியும் விட்டேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் வெளுத்திருந்தது, மில் துணியில் அச்சடித்த படம். நெய்ததில் நிறம் இரண்டு பக்கமும் நிற்கும் என்றார்.

அப்புறம் கென்டே நெய்கிற பொன்விரே கிராமத்துக்குப் போனேன். கிட்டத்தட்ட நான்கு அங்குல அகலத்தில் நீளப் பட்டைகளாகத்தான் நெய்கிறார்கள், பிறகு பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். தறிக்காரர் இழைகளை ஏற்றி இறக்கும் கயிற்றைக் கால் விரல் இடுக்கில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி மிதிப்பதைப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்று புரியும். முழுத் துணி என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. ஒரே ஒரு பட்டை வாங்கினேன், சாப்பாட்டு மேஜையின் நடுவில் கிடக்கிறது. 2024-இல் கென்டே நெசவு யுனெஸ்கோவின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்ததும் என் பட்டையைத் தனியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன், என்னவோ நானே நெய்ததுபோல.

போர்ட் ஹார்கோர்ட்டில் இருந்து:

என் கதை தலைகீழ். நான் இருப்பது நைஜீரியாவில். இங்கே நைஜர் டெல்டாவில் புகுமா பக்கம், கூட வேலை பார்க்கிறவரின் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்கள் கலாபாரி மக்கள். நான் மெட்ராஸ்காரன் என்றதும் அந்த அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். பார்த்தால் நம் கைலி! அவர்கள் பேச்சில் அது இன்ஜிரி. நம் பக்கத்தில் இருந்து கப்பலில் போய்த் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கட்டி வந்த மெட்ராஸ் துணி.

ஆனால் அவர் கையில் இருந்தது வேறு ஜாதி. பிளேடால் ஓர் இழையைத் தூக்கி, நறுக்கி, உருவி எடுத்துவிடுகிறார்கள். சில இழைகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இப்படியே துணி முழுக்க. கட்டங்களுக்குள் புதிதாக ஒரு வடிவம் எழும்பி, துணியே வலை போல மெலிந்து மெத்தென்று ஆகிவிடுகிறது. பெலெட்டே பிட்டே என்று பெயர், வெட்டிய துணி என்று அர்த்தம். ஓர் இழை தவறினால் வடிவமே போச்சு. நூல் உருவிய துணிக்குத்தான் மதிப்பு அதிகம் என்றபோது எனக்கு நம்பவே முடியவில்லை, நம் ஊரில் கிழிசல் என்று தூக்கிப் போட்டிருப்போம். வீட்டில் பெரியவர் யாராவது இறந்தால், கிடத்துகிற கட்டிலையும் அறையின் சுவர்களையும் குடும்பப் பெட்டித் துணிகளால் அலங்கரிப்பார்களாம்.

சுவரில் மாட்டிக்கொள்கிறேன், ஒன்று விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன். பெட்டித் துணியை விற்க மாட்டோம் என்று மடித்து வைத்துவிட்டார். வாசல் வரை வந்தவர், "அடுத்த தடவை ஊரில் இருந்து வரும்போது நல்ல கட்டமாக நாலு கெஜம் கொண்டு வா, உனக்கு வெட்டித் தருகிறேன்" என்றார். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், நல்ல கைத்தறிக் கட்டம் எங்கே கிடைக்கும், யாராவது சொல்லுங்களேன்.